கெட்டது இரண்டு, மாற்றியது பதினாறு!

(ஆட்டோமொபைல் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன்)



"ஹைட்ராலிக் டேப்பட் வேலை செய்யும் விதத்தைப் படத்துடன் விவரி." இந்தக் கேள்விக்கு ஒரு தடவையாவது விடை எழுதாமல் நம் டிபார்ட்மெண்டில் யாரும் மூன்றாம் ஆண்டுக்கு வந்திருக்க முடியாது. நானும் எழுதினேன். பென்சிலைக் கூராகச் சீவி, ஸ்கேல் வைத்துப் படம் போட்டு, பிளஞ்சர், ஸ்பிரிங், பால் வால்வு என்று அம்புக்குறி காட்டி எழுதினேன். முழு மார்க்கும் வாங்கினேன். அந்த மார்க்குக்கு என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியவந்த இடம் வண்ணார்பேட்டையில் ஒரு ஒர்க்ஷாப் வாசல். அந்தக் கதையைச் சொல்லி, அதிலிருந்து நம் எல்லாருக்கும் பொதுவான ஒரு கருத்தையும் சொல்லத்தான் இந்தப் பக்கங்களை மலர்க்குழுவிடம் கேட்டு வாங்கினேன்.

என் தாய்மாமா டாக்ஸி ஓட்டுகிறார். நாலு சிலிண்டர், பதினாறு வால்வு டீசல் கார். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம்மில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. தாமிரபரணி கரையை மீறி வந்து கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை, ஜங்ஷன் என்று எல்லா இடத்தையும் முக்கியது. கலெக்டர் ஆபீஸ் வளாகமே தண்ணீரில் நின்றது. மாமா வண்டியும் சீட் மட்டத்துக்கு முங்கிக் கிடந்தது.

மாமா ஒரு நல்ல காரியம் செய்தார். தண்ணீர் வடிந்ததும் ஆசைப்பட்டுச் சாவியைத் திருகிப் பார்க்கவில்லை. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் அது காற்றைப் போல அமுங்கிக் கொடுக்காது; பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராடுதான் வளையும். அதனால் வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய் ஒரு ஒர்க்ஷாப்பில் விட்டார். அங்கே ஆயிலைத் திறந்துவிட்டபோது பால் ஊற்றின டீ மாதிரி வந்தது. புது ஆயில், புது பில்டர் போட்டு, மற்ற வேலைகளையும் பார்த்துக் கொடுத்தார்கள். வண்டி ஓடியது.

சில மாதம் கழித்து எஞ்சின் மேல்பக்கத்திலிருந்து டிக், டிக், டிக் என்று ஒரு சத்தம். ஒர்க்ஷாப்பில் காதைக் கொடுத்துக் கேட்டார்கள். "டேப்பட் சத்தம். லிப்டரை செட்டா மாத்திரணும்" என்றார்கள். பதினாறு லிப்டரும் மாறியது. லிப்டர் விலை, கூலி, கேஸ்கட், ஆயில் எல்லாம் சேர்ந்து மாமாவின் இரண்டு மாத வண்டி டியூவை விழுங்கிவிட்டது. போகட்டும், சத்தம் நின்றதே என்று மாமா நிம்மதியாக இருந்தார். மூன்றாவது வாரம் மறுபடியும் டிக், டிக், டிக்!

அண்ணாச்சி கேட்ட மூன்று கேள்வி

வண்ணார்பேட்டையில் மெயின் ரோட்டை விட்டு ஆற்றுப்பக்கம் போகிற ஒரு சந்தில் பெயர்ப்பலகை கூட இல்லாத ஒரு சின்ன ஒர்க்ஷாப். யாரோ சொல்லி மாமா அங்கே போனார். லீவு நாள் என்பதால் நானும் கூடப் போனேன். அங்கிருந்த அண்ணாச்சிக்கு அறுபது வயசுக்கு மேல் இருக்கும். பானட்டைத் திறக்குமுன் மூன்று கேள்வி கேட்டார்.

"சத்தம் எடுத்த உடனே வருதா, ஓடின பொறவு வருதா?"

"ஓடின பொறவுதான் அண்ணாச்சி. கயத்தாறு தாண்டினா ஆரம்பிச்சிரும்."

"நிறுத்திப் போட்டுட்டு, ஒரு டீயக் குடிச்சிட்டு வந்து எடுத்தா?"

"அப்ப இருக்காது. கொஞ்சம் ஓடவும் திரும்ப வந்துரும்."

"லிப்டர் மாத்துன அன்னைக்கு ஆயிலும் மாத்துனானுவளா?"

"ஆமா, மாத்துனாங்க. ரெண்டு வாரம் சத்தமே இல்ல."

அண்ணாச்சி சிரித்தார். "லிப்டர் சாட்சிதான் வே. குத்தவாளி கீழ எங்கயோ இருக்கான்."

ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு கேஜை மாட்டினார். ஸ்டார்ட் செய்ததும் முள் நன்றாகத்தான் நின்றது. கொஞ்ச நேரம் ஓடவிட்டு ஆக்ஸிலேட்டரைக் கூட்டச் சொன்னார். வேகம் கூடினால் பிரஷர் ஏற வேண்டும் என்று நாம் படித்திருக்கிறோம். அந்த முள் இறங்கியது! கூடவே டிக் டிக்கும் ஆரம்பித்தது. "ஆயில் விளக்கு எரியலையே அண்ணாச்சி" என்றேன். "அது பிரஷர் அடிமட்டத்துக்குப் போன பொறவுதாம்டே எரியும். அதை நம்பி உக்காந்தா பேரிங்கும் சேந்து போயிரும்" என்றார்.

சம்ப்பைக் கழற்றினோம். அடியில் கறுப்புச் சேறு. ஆயில் பம்ப்புக்குப் போகிற ஸ்ட்ரெயினர் வலையில் பாதிக்கு மேல் அதே சேறு அப்பிக் கிடந்தது; விரலால் தேய்த்தால் ஆற்று வண்டல் நறநறவென்றது. வெள்ளத்தில் முங்கியபோது ஆயிலோடு கலந்த தண்ணீரும் மண்ணும்தான். வடிகால் போல்ட்டைத் திறந்து ஆயிலை மாற்றியபோது மேலே நின்றதெல்லாம் வந்துவிட்டது. அடியில் படிந்தது அப்படியே இருந்துவிட்டது. எஞ்சின் வேகமாக ஓடும்போது பம்ப் இந்தச் சேற்றை வலையில் இழுத்து ஒட்டவைக்கும், ஆயில் மேலே போகாது. வண்டியை நிறுத்தினால் சேறு கீழே விழுந்துவிடும், சத்தமும் மறைந்துவிடும். டீ குடித்துவிட்டு வந்தால் சத்தம் இல்லாமல் போன ரகசியம் இதுதான். லிப்டர் மாற்றும்போது ஆயிலும் மாற்றியதில் கொஞ்சம் சேறு வெளியே போனது. அதனால் இரண்டு வாரம் நிம்மதி. அந்த நிம்மதிக்கு லிப்டருக்கு நாம் பட்டம் கொடுத்துவிட்டோம்.

வலையைக் கழுவி, பம்ப்பைப் பிரித்துப் பார்த்து, ஆயில் வழிகளைச் சுத்தம் செய்து மாட்டினார். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் ஆயிலை இன்னொரு தடவை மாற்றச் சொன்னார். சத்தம் போயே போய்விட்டது.

என் பரீட்சை

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். மாமா வண்டியில் ஒரு பிளாஸ்டிக் கவரில் கழற்றின பழைய லிப்டர் பதினாறும் கிடந்தன. அண்ணாச்சி அதை எடுத்து ஒரு தட்டில் கொட்டினார்.

"என்னடே படிக்கே?"

"டிப்ளமோ ஆட்டோமொபைல், அண்ணாச்சி."

"அப்ப இதுல எது நல்லது, எது கெட்டதுன்னு சொல்லு பாப்போம்."

ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரிதான் பளபளத்தன. அமுக்கிப் பார்த்தேன், எல்லாமே அமுங்கின. "எல்லாம் போச்சு அண்ணாச்சி" என்றேன்.

அவர் திட்டவில்லை. ஒரு டம்ளரில் சுத்தமான எஞ்சின் ஆயிலை ஊற்றி, ஒவ்வொரு லிப்டரையும் அதில் முக்கி, மேலே உள்ள ஓட்டை வழியாக மெல்லிய கம்பியால் உள்ளே இருக்கிற குண்டைத் தொட்டு அமுக்கி, காற்றுக் குமிழ் வருவது நிற்கும்வரை பம்ப் செய்தார். "இப்ப அமுக்கு" என்று நீட்டினார். கல் மாதிரி நின்றது. அடுத்ததும் அப்படியே. பதினாலு லிப்டர் கல். இரண்டே இரண்டு மட்டும் பஞ்சு மாதிரி இறங்கின. குண்டு உட்காருகிற இடத்தில் தூசி மாட்டியிருந்தது.

கவரில் கிடந்தபோது ஆயில் வடிந்து வெறுமையாக இருந்ததால்தான் எல்லாம் அமுங்கின. பால் வால்வு ஆயிலை உள்ளே பூட்டி வைக்கிறது, பூட்டிய ஆயில் அமுங்காது, அதனால் லிப்டர் திடப்பொருள் போல நிற்கிறது என்று நான்தான் விடைத்தாளில் எழுதியிருந்தேன். லிப்டரில் ஆயில் இருக்கிறதா என்று பார்க்க மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

"பதினாலு நல்லதக் கழத்திப் போட்டுட்டு, அதுக்குக் காசும் குடுத்திருக்கியரு" என்றார் அண்ணாச்சி மாமாவிடம். மாமா ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சத்தம் வந்த முதல் நாளே மாமா என்னிடம்தான் கேட்டிருந்தார். "ஒர்க்ஷாப்ல சொன்னா சரியாத்தான் இருக்கும் மாமா" என்று சொன்னவன் நான்.

எஞ்சினின் கடைமடை

நண்பர்களே! ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம்ஷாப்ட் ஒரு சுற்று. மதுரைக்கு இரண்டரை மணி நேரம், சராசரி 2000 ஆர்.பி.எம். என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு லிப்டருக்கும் ஒன்றரை லட்சம் தடவை அடி விழுகிறது. பதினாறுக்கும் சேர்த்து 24 லட்சம். இத்தனை அடியையும் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்ள அதற்குத் துணை ஆயில் ஒன்றுதான். சத்தமே கேட்கக்கூடாது என்ற ஆடம்பரத்துக்காக 1930-ல் காடிலாக் கம்பெனி தன் பதினாறு சிலிண்டர் காரில் ஹைட்ராலிக் முறையைக் கொண்டுவந்தது. இன்று சாதாரண டாக்ஸியிலும் அது இருக்கிறது.

அந்த ஆயில் சம்ப்பில் கிளம்பி, ஸ்ட்ரெயினர், பம்ப், பில்டர், மெயின் பேரிங் பாதை எல்லாம் தாண்டிக் கடைசியில்தான் சிலிண்டர் ஹெட்டுக்கு ஏறுகிறது. நம்ம தாமிரபரணிப் பாசனத்தில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்கிறது எது? ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே இருக்கிற கடைமடை. எஞ்சினில் லிப்டர்தான் கடைமடை. கடைமடை காய்ந்தால் வயல்மேல் குற்றம் சொல்வோமா, வாய்க்கால் எங்கே அடைத்திருக்கிறது என்று பார்ப்போமா?

ஆயில் அளவு குறைந்தாலும் சத்தம் வரும். அளவுக்கு மேல் ஊற்றினாலும் கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கி, நுரை லிப்டருக்குள் போய்ச் சத்தம் வரும். தவறான கிரேடு ஆயிலாலும் வரும். ராத்திரி முழுக்க நின்ற வண்டி காலையில் சில விநாடி டிக் டிக் என்றுவிட்டு அடங்கினால், லிப்டரில் வடிந்த ஆயில் திரும்ப நிரம்புகிறது என்று அர்த்தம். அதற்காக எஞ்சினைப் பிரிக்க வேண்டாம். டிப்ஸ்டிக், பிரஷர் கேஜ், காதில் வைத்துக் கேட்க ஒரு நீள ஸ்குரு டிரைவர்: முதல் விசாரணைக்கு இந்த மூன்றும் போதும்.

அம்பாசிடரும் இதையேதான் சொல்லும்

நம் லேபில் மூலையில் நிற்கும் அம்பாசிடர் எஞ்சினை "மியூசியம் பீஸ்" என்று கிண்டல் செய்கிறோம். 2014-ல் அந்தக் காரின் உற்பத்தியே நின்றுவிட்டது, உண்மைதான். 1489 சி.சி., நாலு சிலிண்டர், எட்டு வால்வு. கேம் கீழே பிளாக்கில். டேப்பட், புஷ்ராடு, ராக்கர் என்று ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியும். ஹைட்ராலிக் கிடையாது, இடைவெளியை நாம்தான் பீலர் கேஜ் வைத்துச் சரிசெய்ய வேண்டும். அதற்கு ஒன்பது கணக்கு என்று ஓர் எளிய வழி உண்டு. எட்டாவது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது முதல் வால்வைச் சரிசெய். ஆறாவது திறந்தால் மூன்றாவது. எப்போதும் கூட்டினால் ஒன்பது வரவேண்டும்.

அந்த டேப்பட்டை மாற்ற, பக்கவாட்டு மூடியைத் திறந்தாலே போதும்; கேம்ஷாப்ட்டைக் கழற்ற வேண்டாம். ஆனால் அதற்குமுன் ராக்கர் ஷாப்ட்டை எடுத்துப் புஷ்ராடுகளை உருவ வேண்டும். ராக்கரைப் பிடித்திருக்கும் நட்டுகளில் நாலு, ஹெட்டையும் சேர்த்துப் பிடிக்கின்றன. ஆகவே ரேடியேட்டர் தண்ணீரை முதலில் வடித்து, ஹெட் நட்டுகள் எல்லாவற்றையும் முறைப்படி தளர்த்தாவிட்டால் ஹெட் கோணிக்கொள்ளும். இதெல்லாம் ரெக்கார்டு நோட்டைக் காப்பியடித்தால் தெரியாது, கையை வைத்தால்தான் தெரியும்.

கழற்றின டேப்பட்டைத் திருப்பி அடிப்பாகத்தைப் பாருங்கள். பொதுவாக இந்த வகை டேப்பட்டின் அடி லேசாகக் குவிந்திருக்கும். கேமும் இலேசாகச் சரிந்திருக்கும். அதனால் ஒவ்வொரு அடிக்கும் டேப்பட் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழலும், தேய்மானம் எல்லாப் பக்கமும் சமமாகும். அடியில் வட்டமாகத் தடம் இருந்தால் அது சுழன்றிருக்கிறது. ஒரே கோடாகத் தேய்ந்திருந்தால் சுழலவில்லை. அப்போது கேமும் தேய்ந்திருக்கும். தேய்ந்த கேம்மேல் புது டேப்பட்டைப் போட்டால் அதுவும் சீக்கிரம் போய்விடும். நல்ல பழைய டேப்பட்டைத் திரும்பப் போடுவதென்றாலும் எந்தக் கேமில் ஓடியதோ அதே கேமுக்கே போட வேண்டும். பழசு ஆனாலும் புதுசு ஆனாலும் கேள்வி ஒன்றுதான்: இது ஏன் கெட்டது?

"எல்லாத்தையும் மாத்திட்டா என்ன?"

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். "எஞ்சினைப் பிரிச்சாச்சு, கூலி குடுத்தாச்சு. ரெண்டை மட்டும் மாத்தி, அடுத்த மாசம் மூணாவது போனா மறுபடி யாரு பிரிக்கது?" என்று ஒர்க்ஷாப்காரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வெகுதூரம் ஓடிய எஞ்சின், கேமும் தேய்ந்திருக்கிறது என்றால் செட்டாக மாற்றுவதே சரி. மாற்றுவதிலும் முறை உண்டு. புது ஹைட்ராலிக் லிப்டரில் காற்றை எடுத்துவிட்டு மாட்ட வேண்டும். மாட்டியபின் அரைமணி நேரமாவது விட்டுவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் நிரம்பி நிற்கும் லிப்டர் வால்வை மூடவிடாமல் தூக்கிப் பிடித்திருக்கும், பிஸ்டன் அதில் இடிக்கும்.

மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. காரணம் தெரியாமல் மாற்றக்கூடாது என்கிறேன். காரணம் தெரிந்து பதினாறையும் மாற்றினால் அது வைத்தியம். தெரியாமல் மாற்றினால் அது லாட்டரி. சீட்டுக்குக் காசு கொடுப்பவர் மட்டும் வண்டிக்காரர்.

"இனிமேல் எலக்ட்ரிக் கார் காலம், அதில் லிப்டரே கிடையாதே" என்று சிலர் கேட்கலாம். பக்கத்தில் தூத்துக்குடியிலேயே 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் எலக்ட்ரிக் கார் தொழிற்சாலை திறந்தாயிற்று. நம்மில் பலர் அங்கே வேலைக்குப் போகவும் கூடும். அங்கே லிப்டர் இருக்காது, சரி. ஆனால் ஒரு பாட்டரி சூடானால் பாட்டரியைத் தூக்கி மாற்றுகிறவனாகப் போகப் போகிறோமா, அது ஏன் சூடானது என்று கேட்கிறவனாகப் போகப் போகிறோமா? ஐ.டி.ஐ. படிக்காமலே தொழில் பழகியவர்கள் நம்மைவிட வேகமாக ஸ்பேனர் பிடிப்பார்கள். டிப்ளமோ என்று ஒன்று நமக்குத் தருவதே அந்த "ஏன்" கேட்பதற்குத்தான். அதையும் கேட்காவிட்டால் நம் சர்டிபிகேட்டுக்கு வேறு என்ன வேலை?

பாலம் சொல்லும் பாடம்

நாம் தினமும் பஸ்ஸில் தாண்டுகிற சுலோச்சன முதலியார் பாலத்தை நினைத்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவில் ஆற்றைக் கடக்கப் படகுதான். யார் முதலில் ஏறுவது என்று படகுத்துறையில் ஓயாத சண்டை. சண்டை போடுகிறவர்களைப் பிடித்துத் தண்டித்துக்கொண்டே இருந்திருக்கலாம். ஆள் மாறியிருக்கும், சண்டை மாறியிருக்காது. கலெக்டர் ஆபீசில் சிரஸ்தாராக இருந்த சுலோச்சன முதலியார் சண்டைக்குக் காரணம் பாலம் இல்லாததுதான் என்று கண்டு, தன் சொந்தப் பணத்தைப் போட்டார். 1843-ல் பாலம் திறந்தது. படகுத்துறைச் சண்டையும் முடிந்தது.

நாம் என்ன செய்யலாம்?

லேபில் ஆள் இல்லை, சாமான் இல்லை என்று வருஷாவருஷம் குறை சொல்லி மனுக் கொடுக்கிறோம். கொடுக்கத்தான் வேண்டும். அதோடு, நம் மாணவர் மன்றமே காசில்லாமல் செய்யக்கூடிய மூன்று காரியங்களை இங்கே வைக்கிறேன்.

ஒன்று: "கெட்ட சாமான் பெட்டி." ஒர்க்ஷாப்களில் கழற்றிப் போடுகிற லிப்டர், கேம், பேரிங், வால்வு இவற்றைக் கேட்டு வாங்கி லேபில் வைப்போம். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு: எந்த வண்டி, எத்தனை கிலோமீட்டர், ஏன் கெட்டது. காரணம் தெரியாவிட்டால் சீட்டைக் காலியாக விடுவோம். அடுத்த பேட்ச் கண்டுபிடிக்கட்டும்.

இரண்டு: மாதம் ஒரு சனிக்கிழமை, பேட்சுக்கு நாலு பேர், வண்ணார்பேட்டையிலோ பக்கத்திலோ ஒரு ஒர்க்ஷாப்பில் போய் நிற்போம். கூலி கேட்க வேண்டாம்; கழுவிக் கொடுத்து, பார்த்து, கேட்டுக்கொண்டு வந்தால் போதும். அண்ணாச்சி மாதிரி ஆட்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்று: பிராக்டிகல் வைவாவில் "இது என்ன?" என்பதோடு "இது ஏன் கெடும்?" என்றும் ஒரு கேள்வி கேட்கும்படி நம் ஆசிரியர்களிடம் நாமே கேட்டுக்கொள்வோம். மார்க் குறையும்தான், குறைந்தால் குறையட்டும்!

அந்தப் பதினாலு நல்ல லிப்டரையும் இரண்டு கெட்ட லிப்டரையும் மாமாவிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். பெட்டி தயாரானால் முதல் சாமான் அதுதான். சீட்டில் காரணமும் எழுதிவிட்டேன்: "ஸ்ட்ரெயினரில் வண்டல். கேட்க வேண்டியவன் கேட்கவில்லை."

அடுத்த சத்தத்துக்காவது நாம் கேட்போம், நண்பர்களே!